பாலைநில நகரத்தில் வெள்ள மண்டலமும் வெள்ளக் காப்பீடும்: லாஸ் வேகஸ் வரைபடத்தைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகஸ் நகரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 106 மில்லிமீட்டர் மட்டுமே. 2020ஆம் ஆண்டில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை தொடர்ந்து 240 நாட்கள் அங்கே அளவிடத்தக்க மழையே பெய்யவில்லை. இதே நகரில் வீடு வாங்கக் கடன் கேட்பவர்கள் சிலரிடம் வெள்ளக் காப்பீடு எடுத்தால்தான் கடன் தரப்படும் என்று வங்கி சொல்கிறது; எதிர்வரிசையில் வீடு வாங்குபவரிடம் அதே வங்கி அப்படி எதுவும் கேட்பதில்லை. 2022 ஆகஸ்டில் பெய்த மழையில் சூதாட்ட விடுதிகளின் கூரைகள் ஒழுகின, முதன்மைச் சாலைகளில் வெள்ளம் ஓடியது, இருவர் உயிரிழந்தனர். அதுபோன்ற ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இரண்டு கேள்விகள் எழுகின்றன: மழையே இல்லாத ஊரில் வெள்ள மண்டலம் எப்படி வந்தது? மண்டலத்துக்கு வெளியே வீடு இருந்தால் காப்பீடு தேவையில்லை என்று இருந்துவிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு ‘இருந்துவிடக் கூடாது’ என்பதே இக்கட்டுரையின் பதில். வெள்ள மண்டலத்தின் எல்லைக்கோடு, யார் கட்டாயமாகக் காப்பீடு எடுக்க வேண்டும், எங்கே எந்த உயரத்தில் கட்டலாம் என்பவற்றைத் தீர்மானிப்பதற்காக வரையப்பட்ட சட்டக்கோடு. தண்ணீர் அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடும் என்று யாரும் உறுதி அளிக்கவில்லை. பாலைநிலத்தில் வெள்ளம் உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

பாலையில் வெள்ளம் எப்படி உருவாகிறது

லாஸ் வேகஸ் ஒரு பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். மேற்கே ஸ்பிரிங் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியான சார்ல்ஸ்டன் சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 3,630 மீட்டர். நகரின் பெரும்பகுதி 600 மீட்டர் உயரத்தை ஒட்டியே உள்ளது. மலையடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கிச் சரியும் இந்த நிலத்தில் விழும் நீரெல்லாம் ஃபிளமிங்கோ, டிராபிகானா போன்ற ‘வாஷ்’கள் வழியே, அதாவது ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைப் படுகைகள் வழியே, லாஸ் வேகஸ் வாஷை அடைந்து மீட் ஏரியில் கலக்கிறது. இந்த அமைப்பில் சிறிது மழையும் பெருவெள்ளமாவதற்குக் காரணங்கள் நான்கு.

1. மழை பெய்யும் விதம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரையிலான கோடைப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி மேலெழுந்து இடிமழையாகிறது. அது பரவலாகப் பெய்யாது. சில சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஓராண்டு மழையில் பாதி ஒரே மாலையில் ஒரு பேட்டையில் விழும்போது பக்கத்துப் பேட்டையில் தூறல்கூட இருக்காது.

2. மண். இப்பகுதியில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே, பல இடங்களில் மேல்பரப்பிலேயே, சுண்ணாம்புச் சத்து இறுகிக் கான்கிரீட் போலக் கெட்டியான படலம் உள்ளது; உள்ளூரில் இதைக் ‘கலீச்சி’ என்கிறார்கள். நீர் இதனுள் எளிதில் இறங்காது. செடிகொடிகளும் குறைவு என்பதால் ஓட்டத்தைத் தடுக்கவும் எதுவும் இல்லை.

3. வண்டல் விசிறிகள். மலைக்கணவாயிலிருந்து சமவெளிக்கு வெளிப்படும் நீர், பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லையும் மணலையும் கொண்டுவந்து விசிறி வடிவில் பரப்பியிருக்கிறது. இந்த விசிறியின் மேல் நீருக்கு நிலையான பாதை கிடையாது. ஒரு வெள்ளத்தில் வடக்கு ஓரமாக ஓடிய நீர், தான் இட்ட மணலே தடையாகிவிட, அடுத்த வெள்ளத்தில் தெற்கு ஓரமாகத் திரும்பக்கூடும். நகரின் பல புதிய குடியிருப்புகள் இத்தகைய விசிறிகளின் மேல்தான் எழுந்துள்ளன.

4. நகரமே. நகரம் அடங்கிய கிளார்க் மாவட்டத்தின் மக்கள்தொகை 1970இல் ஏறத்தாழ 2.7 லட்சம், 2020இல் 22 லட்சத்துக்கு மேல். இடையில் எழுந்த கூரைகளும் சாலைகளும் வாகன நிறுத்தங்களும் மண்ணில் இறங்கியிருக்கக்கூடிய சிறிதளவு நீரையும் தெருவுக்கே திருப்பிவிட்டன.

இந்த நான்கில் மூன்றாவதே வரைபடத்துக்குப் பெரும் சோதனை. ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் எங்கிருந்து வரும் என்பதில் ஐயம் இல்லை. கரை நிரம்பி நீர் மெல்ல உயர்கிறது, எந்த மட்டம் வரை உயரும் என்று கணக்கிடலாம். விசிறி நிலத்தில் நீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதே உறுதியில்லை. அதன் ஆழம் முழங்கால் அளவே இருக்கலாம், வேகமோ மிக அதிகம். ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரியவர் ஒருவரைக் கீழே தள்ளிவிடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துச் சென்றுவிடும்.

1975, 1999: நகரம் கற்ற பாடம்

1975 ஜூலை 3 அன்று பெய்த இடிமழையில் ஃபிளமிங்கோ வாஷ் பொங்கி, சீசர்ஸ் பேலஸ் விடுதியின் திறந்தவெளி வாகன நிறுத்தத்தில் நின்ற நூற்றுக்கணக்கான கார்களைச் சேதப்படுத்தியது, இருவர் இறந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் மட்டும் சிறு வடிகால்களைக் கட்டியது. நீருக்கு நகராட்சி எல்லை தெரியாது. 1985இல் நெவாடா சட்டமன்றம் கிளார்க் மாவட்டம் முழுமைக்குமான வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றை உருவாக்க வழிசெய்தது. 1986இல் வாக்காளர்கள் அதற்காகக் கால் சதவீத விற்பனை வரியை ஏற்றுக்கொண்டனர். மழையே அரிதான ஊரின் மக்கள் வெள்ளத்துக்காகத் தாமே முன்வந்து வரி கட்ட ஒப்புக்கொண்ட அந்த முடிவு, அமெரிக்கப் பாலைநில நகரங்களின் வரலாற்றில் பாராட்டத்தக்க ஒன்று என்பேன்.

அந்தப் பணத்தில் மலையடிவாரத்தில் சுமார் நூறு வெள்ளத் தேக்கக் குளங்களும், அவற்றை இணைக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய்களும் நிலத்தடி வடிகால்களும் கட்டப்பட்டன. குளத்தின் வேலை நீரைச் சேமிப்பது அன்று. மலையிலிருந்து ஒரே பாய்ச்சலாக வரும் நீரைப் பிடித்து, கால்வாய் தாங்கும் அளவில் மெல்ல வெளியேற்றுவது. இப்பணி நடந்துகொண்டிருந்தபோதே 1999 ஜூலை 8 அன்று சில இடங்களில் 75 மில்லிமீட்டர் வரை மழை கொட்டியது. மீண்டும் இருவர் இறந்தனர். சேதம் 2 கோடி டாலரைத் தாண்டியது. ஃபிளமிங்கோ வாஷின் கரை அரிக்கப்பட்டதில் கரையோர நடமாடும் வீடுகள் நீருக்குள் சரிந்தன. அங்கே வீடுகளை மூழ்கடித்தது தண்ணீரின் உயரம் அன்று. காலடி மண்ணையே நீர் கொண்டுபோயிற்று. இத்தகைய கரை அரிப்பை வெள்ள மட்டத்தைக் காட்டும் வரைபடத்தில் பார்க்க முடியாது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்பது என்ன

வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஓர் ஆண்டில் நிகழ 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். இதையே பேச்சுவழக்கில் நூறாண்டு வெள்ளம் என்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்று இதைப் புரிந்துகொண்டால் கணக்கு தவறிவிடும். ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு புதிதாக 1 சதவீதம். சென்ற ஆண்டு வந்துவிட்டதால் இந்த ஆண்டு வராது என்பதில்லை. 30 ஆண்டு வீட்டுக்கடன் காலத்தில் குறைந்தது ஒருமுறையாவது இந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்.

இந்த 1 சதவீதமும் ஒரு மதிப்பீடே. பாலையில் மழைமானிகள் இடைவெளி விட்டே நிற்கின்றன, பதிவுகள் சில பத்தாண்டுகளுக்கு மேல் நீள்வதில்லை, மழையோ சிறு பரப்பில் கொட்டுகிறது. இரண்டு மானிகளுக்கு நடுவே பெய்து ஓய்ந்த மழை எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகலாம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழைய பதிவுகளிலிருந்து கணிக்கப்பட்ட எல்லையை இறுதி உண்மையாகக் கொள்ள இயலாது.

வரைபடத்திலுள்ள எழுத்துகள்

கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையான ‘ஃபீமா’ நாடு முழுமைக்கும் வெள்ளக் காப்பீட்டு வரைபடங்களை வெளியிடுகிறது. முகவரியைக் கொடுத்து இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். லாஸ் வேகஸில் பெரும்பாலும் எதிர்ப்படும் மண்டலங்கள் இவை.

1. ஏ: 1 சதவீத வெள்ளம் வரக்கூடிய பகுதி, ஆனால் விரிவான ஆய்வு நடக்கவில்லை, வெள்ள மட்டம் குறிக்கப்படவில்லை.

2. ஏஇ: அதே அபாயம், விரிவான ஆய்வு நடந்து, வெள்ளநீர் எட்டும் உயரம் கடல்மட்டத்திலிருந்து இத்தனை அடி என்று குறிக்கப்பட்டிருக்கும்.

3. ஏஓ: நீர் சரிவில் தகடுபோலப் பரந்து 1 முதல் 3 அடி ஆழத்தில் ஓடும் பகுதி. வண்டல் விசிறி நிலங்கள் பெரும்பாலும் இதில்தான் வரும். இங்கே கடல்மட்ட உயரத்துக்குப் பதிலாக நீரின் ஆழம் தரப்படும். விசிறிகளில் வேகமும் தரப்படும். புதிய வீட்டின் தரைமட்டம் சுற்றுநிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து அந்த ஆழ அளவுக்காவது மேலே இருக்க வேண்டும். ஆழம் குறிக்கப்படாவிட்டால் 2 அடி.

4. ஏஎச்: நீர் ஓடாமல் 1 முதல் 3 அடி வரை தேங்கும் பகுதி.

5. நிழலிட்ட எக்ஸ்: ஆண்டுக்கு 0.2 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எட்டும் பகுதி. 1 சதவீத வெள்ளத்தில் ஓர் அடிக்கும் குறைவாக நீர் நிற்கும் இடங்களும், ஒரு சதுர மைலுக்குக் குறைவான பரப்பிலிருந்து நீர் வரும் இடங்களும் இதில்தான் அடங்கும்.

6. நிழலிடாத எக்ஸ்: குறைந்த அபாயம். அபாயமே இல்லை என்று பொருளல்ல.

7. டி: ஆய்வே செய்யப்படாத பகுதி. பாதுகாப்பானது என்றும் இல்லை, அபாயமானது என்றும் இல்லை.

ஏ என்ற எழுத்தில் தொடங்குபவை அனைத்தும் சேர்ந்தவை ‘சிறப்பு வெள்ள அபாயப் பகுதி’. காப்பீட்டுக் கட்டாயம் இங்கு மட்டும்தான்.

ஐந்தாவது வகையை மறுமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓர் அடிக்கும் குறைவான நீர் என்பது வரைபடத்தின் பார்வையில் மிதமான அபாயம். தரைவிரிப்பும் அலமாரியும் சுவரின் ஜிப்சம் பலகையும் நனைந்த வீட்டுக்காரருக்கோ பல்லாயிரம் டாலர் இழப்பு. தெரு வடிகால் அடைத்துக்கொள்வதாலும், பக்கத்து மனையின் கட்டுமானம் நீரின் திசையைத் திருப்பிவிடுவதாலும் வரும் வெள்ளம் வரைபடத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. நாடு முழுவதும் வழங்கப்படும் வெள்ள இழப்பீடுகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சிறப்பு அபாயப் பகுதிக்கு வெளியே உள்ள வீடுகளுக்கே செல்கிறது என்று ஃபீமா தொடர்ந்து கூறிவருவதற்குக் காரணம் இதுவே.

காப்பீடு யாருக்குக் கட்டாயம், எதை ஈடுசெய்யும்

அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீட்டு பாலிசி வெள்ளச் சேதத்தை ஈடுசெய்வதில்லை. தனியார் நிறுவனங்கள் இந்த அபாயத்தை ஏற்கத் தயங்கியதால், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கட்டட விதிகளை ஏற்று நடைமுறைப்படுத்தும் ஊர்களில் மட்டுமே இந்தத் திட்டம் கிடைக்கும். 1973ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்பு அபாயப் பகுதியில் உள்ள கட்டடத்துக்குக் கூட்டாட்சி ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கியிடம் கடன் பெற்றால் காப்பீடு கட்டாயம் என்றாக்கியது. கடன் வாங்கியவர் எடுக்கத் தவறினால், அறிவிப்பு அனுப்பி 45 நாட்கள் கழிந்ததும் வங்கியே ஒரு பாலிசியை எடுத்து அதன் செலவை அவரிடம் வசூலிக்கும். அது பெரும்பாலும் விலை கூடியதாகவே இருக்கும். கடனே இல்லாமல் வீடு வாங்கியவரைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அவருடைய முழுச் சேமிப்பும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. காப்பு மிகுதியும் தேவைப்படுபவர் அவரே.

குடும்பம் வாழும் வீட்டுக்கு இத்திட்டம் தரும் உச்ச அளவு, கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். இவை இரண்டும் தனித்தனிக் காப்புகள். வங்கி கேட்பது பெரும்பாலும் கட்டடக் காப்பை மட்டுமே என்பதால், அதை மட்டும் எடுத்துவிட்டு, பொருட்களுக்கும் சேர்த்துக் காப்பு இருப்பதாக நம்பியிருப்பவர்கள் பலர். வாடகைக்குக் குடியிருப்பவர் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

பாலிசியின்படி எது வெள்ளம் என்பதும் முக்கியம். வழக்கமாக உலர்ந்திருக்கும் நிலத்தில் 2 ஏக்கர் அளவிலோ, உங்களுடையது உட்பட இரண்டு சொத்துகளிலோ நீர் பரவியிருக்க வேண்டும். வாஷ் பெருகி வந்த நீர், தெருவில் பெருகி உள்ளே புகுந்த மழைநீர், சேற்றுப்பாய்ச்சல் ஆகியவை அடங்கும். கூரை ஒழுகியதும் குழாய் உடைந்ததும் அடங்கா. அவற்றுக்கு வீட்டுக் காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். நீச்சல் குளம், வேலி, தோட்டம், வீடு பழுதுபார்க்கப்படும் காலத்தில் வெளியில் தங்கும் செலவு ஆகியவற்றுக்கும் ஈடு இல்லை. காருக்கு வாகனக் காப்பீட்டின் விரிவான காப்பு இருந்தால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும். லாஸ் வேகஸில் வெள்ளத்தில் முதலில் சிக்குவது கார் என்பதால் இதைத் தனியாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பிரீமியம் இப்போது எப்படிக் கணக்கிடப்படுகிறது

2021 அக்டோபர் வரை பிரீமியத்தை முதன்மையாகத் தீர்மானித்தது மண்டல எழுத்து. அப்போது புதிய பாலிசிகளுக்கும், 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புகளுக்கும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. இப்போது நீர்வழியிலிருந்து வீடு இருக்கும் தூரம், நிலத்தின் உயரம், முதல் தளத்தின் உயரம், அடித்தளத்தின் வகை, மீண்டும் கட்ட ஆகும் செலவு, கனமழையால் நேரடியாக வரும் வெள்ள வாய்ப்பு ஆகியவை வீடுவாரியாகக் கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஆகவே ஏஇ மண்டலத்தில் உயரமாகக் கட்டிய வீட்டுக்குக் குறைந்த பிரீமியமும், எக்ஸ் மண்டலத்தில் தாழ்வாக அமைந்த வீட்டுக்குக் கூடுதல் பிரீமியமும் வர முடியும். மண்டலத்தைப் பார்த்துப் பிரீமியத்தை ஊகிக்கும் பழைய வழக்கம் இனி உதவாது. அந்த வீட்டுக்கு எவ்வளவு என்று காப்பீட்டாளரிடம் கேட்டுப் பார்ப்பதே வழி. சொந்தக் குடியிருப்பு வீடுகள் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு உயர்வு 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வரம்பிட்டுள்ளது. விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் வாங்குபவர் அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதிலுள்ள பிரீமியச் சலுகையும் தொடரும் என்பதால் பத்திரப் பதிவுக்கு முன்பே இதைக் கேட்டு வைக்க வேண்டும்.

மண்டலத்திலிருந்து வெளியேறுவது

தேக்கக் குளமும் கால்வாயும் கட்டி முடிந்ததும் உள்ளூர் அமைப்பு ஃபீமாவிடம் வரைபடத் திருத்தம் கோரும். லாஸ் வேகஸில் பல பகுதிகள் இப்படியே சிறப்பு அபாயப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டன. தனி வீட்டுக்காரரும், தம் நிலம் இயற்கையாகவே வெள்ள மட்டத்துக்கு மேலே இருப்பதாக நில அளவையாளரின் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். விசிறி நிலங்களுக்கு மட்டும் ஒரு கடுமையான விதிவிலக்கு உண்டு: அங்கே மண்ணிட்டு மனையை உயர்த்துவதை மட்டும் காரணமாகக் காட்டி மண்டலத்திலிருந்து வெளியேற முடியாது. நீர் வேகமாக வந்து அந்த மண்ணையே அரித்துவிடும் என்பதால், நீரைத் தடுத்துத் திருப்பும் பெரிய கட்டமைப்பு அமைந்தால்தான் திருத்தம் கிடைக்கும். இந்த விதி சரியானதே.

திருத்தம் வந்தால் கட்டாயம் நீங்குகிறது, அபாயம் குறைகிறது. ஆனால் தேக்கக் குளங்கள் 1 சதவீத மழையைத் தாங்கும் அளவில் வடிவமைக்கப்பட்டவை என்பதால், அதைவிடப் பெரிய மழையில் நீர் அவற்றையும் மீறி வரும். மண்டலத்திலிருந்து நீக்கப்பட்ட கடிதம் வந்த வாரத்திலேயே பாலிசியை நிறுத்துபவர்கள், அந்த மிச்ச அபாயம் முழுவதையும் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எப்போது எடுப்பது, இழப்புக்குப்பின் என்ன செய்வது

தேசியத் திட்டத்தின் பாலிசி, எடுத்த நாளிலிருந்து 30 நாட்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். புதிய கடனுக்காக எடுப்பதும், வரைபட மாற்றத்தை ஒட்டி எடுப்பதும் இதற்கான முக்கிய விதிவிலக்குகள். ஜூலையில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு முகவரை அழைத்தால் அந்தப் பருவத்தின் முதல் மழைகளுக்குக் காப்பு இராது. மே மாதத்துக்குள் எடுப்பதே பொருத்தம். தனியார் வெள்ளப் பாலிசிகளும் உண்டு. சிலவற்றில் காத்திருப்புக் காலம் குறைவு, உச்சத் தொகை அதிகம். ஆனால் நிறுவனம் மறு ஆண்டு புதுப்பிக்க மறுக்கலாம். அரசுத் திட்டமோ நாடாளுமன்றம் அவ்வப்போது கால நீட்டிப்புத் தந்தால்தான் தொடரும்.

காப்பீடு இல்லாதவர் அரசு உதவியை நம்பியிருப்பதில் இரண்டு தடைகள் உள்ளன. குடியரசுத் தலைவர் பேரிடராக அறிவித்தால்தான் கூட்டாட்சி நிவாரணம் வரும். ஒரு பேட்டையை மட்டும் மூழ்கடித்துப்போகும் பாலைநில இடிமழைக்கு அந்த அறிவிப்பு எளிதில் வராது. வந்தாலும் அதில் பெரும்பகுதி திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே.

வெள்ளம் புகுந்த வீட்டில் நனைந்த பொருட்களை அப்புறப்படுத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுத்து, சுவரில் நீர் நின்ற அடையாளத்தையும் பதிவு செய்ய வேண்டும். இழப்பின் கையொப்பமிட்ட விவர அறிக்கையை 60 நாட்களுக்குள் காப்பீட்டாளரிடம் சேர்க்க வேண்டும். 38 டிகிரி வெயிலில் ஈரச்சுவரில் பூஞ்சை சில நாட்களிலேயே படர்ந்துவிடும். தடுக்க முடிந்த பூஞ்சைச் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படும் என்பதால், மதிப்பீட்டாளர் வரும்வரை காத்திராமல் உலர்த்தும் வேலையை அன்றே தொடங்கி, அதற்கான ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டும்.